பந்தியும் பிரமாணமும்

1

விசுவாசமா, நற்கிரியையா என்ற கேள்வியை நம் எழுத்தாளர்கள் கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்குவதற்கு வசதியான கேள்விதான். ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்து, ரத்தம் சிந்த வைத்து, பிறகு எல்லோருக்கும் அலுத்துப்போய், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, பெருமளவுக்கு சமாதானம் செய்துகொண்ட வழக்கு அது. சமாதானமாகிவிட்ட வழக்கின் கட்டை நாம் ஏன் அவிழ்க்க வேண்டும்? அவிழ்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் தமிழ்நாட்டில் இந்த வழக்கு வேறொரு இடத்தில் விசாரிக்கப்பட்டது. ஆத்மாவின் கதி பற்றி அங்கே எழுந்த கேள்வி, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதாக இங்கே மாறியது. இதைச் சரிவு என்று சொல்பவர்கள் உண்டு. என் பார்வையில், கேள்வி தான் பிறந்த இடத்துக்கே திரும்பி வந்தது.

நான் கிறிஸ்தவன் அல்ல. இதைச் சொல்வது விலகி நின்று தீர்ப்புச் சொல்லும் உரிமை கோருவதற்காக அல்ல. உள்ளே ஒன்றைக் கொண்டிருப்பதால் ஒருவன் நல்லவனா, வெளியே ஒன்றைச் செய்வதால் நல்லவனா என்ற விசாரத்திலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. சிறுபத்திரிகை நடத்துகிறவனுக்கும் கிடையாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2

முதலில் சொற்கள். பழைய தமிழ் பைபிள் 'விசுவாசம்' என்றும் 'கிரியை' என்றும் சொல்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இவற்றை 'நம்பிக்கை' என்றும் 'செயல்' என்றும் மாற்றிக்கொண்டது. மொழி நவீனமாயிற்று. ஆனால் இடையில் ஒன்று தொலைந்தது.

'விசுவாசம்' என்பது நம் பேச்சில் நாய்க்கும் வேலைக்காரனுக்கும் உரிய குணம். அதில் எஜமான் ஒருவன் இருக்கிறான். கொண்ட கொள்கை சரியா தப்பா என்பது அங்கே எழாது. யாருக்கு உண்மையாய் இருக்கிறாய் என்பதே கேள்வி. 'நம்பிக்கை' அப்படியல்ல. அது எதிர்பார்ப்பையும் சேர்த்துக்கொள்கிறது. நாளை மழை வரும் என்பதும் நம்பிக்கை, கொடுத்த கடன் திரும்பி வரும் என்பதும் நம்பிக்கை. வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இந்த இரண்டாவது அர்த்தம் மிகப் பரிச்சயம். ஈட்டுப் பத்திரத்தோடு வரும் நம்பிக்கை அது.

'கிரியை' இதைவிட சுவாரஸ்யமான சொல். சைவன் காதில் அது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையில் இரண்டாவது படி: பூஜை, சடங்கு. சாதாரண வீட்டில் அது செத்தவனுக்குச் செய்வது. நற்செயல் என்ற பொருளுக்கு இது பொருத்தமில்லாத சொல் என்று குறை சொல்லலாம். ஆனால் பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய கடிதங்களில் எந்தக் கிரியைகளால் மனிதன் நீதிமான் ஆவதில்லை என்கிறார்? விருத்தசேதனம், உணவு விலக்கு, நாள் பார்த்தல். யூத நியாயப்பிரமாணத்தின் அனுஷ்டானங்கள். இ. பி. சாண்டர்ஸ் 1977இல் பவுலையும் பாலஸ்தீன யூத மதத்தையும் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு, மேற்கத்தியப் பண்டிதர்கள் பலர் பவுலின் 'கிரியை' என்பது பொதுவான நற்செயல் அல்ல, ஒரு கூட்டத்தை மற்றக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டும் ஆசாரம் என்ற முடிவுக்கு நகர்ந்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த அர்த்தம், யாரும் திட்டமிடாமலே, ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. ஆனால் இதே சொல் யாக்கோபின் நிருபத்தில் உதைக்கிறது. யாக்கோபு பேசுவது ஆசாரத்தைப் பற்றி அல்ல. துணியில்லாதவனையும் சோறில்லாதவனையும் வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடும் பக்தனைப் பற்றி. செயலில்லாத விசுவாசம் பிணம் என்கிறார் அவர். தமிழில் இருவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் நேரெதிராக மோதுவதுபோல் தோன்றுகிறது. வாஸ்தவத்தில் ஒருவர் ஆசாரத்தை மறுக்கிறார், மற்றவர் உபகாரத்தை வற்புறுத்துகிறார்.

லுத்தர் இந்த வித்தியாசத்தை ஏற்கவில்லை. 1522இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் மூன்றாம் அதிகாரத்தில், விசுவாசத்தால் என்ற இடத்தில் மூலத்தில் இல்லாத 'மட்டுமே' என்ற சொல்லைச் சேர்த்தார். அதே பதிப்பின் முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று மட்டம் தட்டினார். இதை லுத்தரின் திமிர் என்று மட்டும் பார்ப்பவர்கள் அவருடைய பயத்தைப் பார்ப்பதில்லை. எவ்வளவு செய்தாலும் கணக்கு நேராகாது என்ற பயம் அது. அந்த பயத்திலிருந்து விடுபட்டவனின் சொல் அந்த 'மட்டுமே'. 1547இல் திரெந்து சங்கம் அதை நிராகரித்தது: கிருபைதான் தொடக்கம், ஆனால் மனிதன் அதோடு ஒத்துழைக்கவும் வேண்டும் என்றது.

நமக்கு இது புதிதல்ல. வைணவத்தில் தென்கலையும் வடகலையும் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்று பிரித்துப் பேசியது இதையேதான். குட்டி சும்மா கிடக்க, தாய்ப்பூனை கவ்விப்போகும். குரங்குக்குட்டியோ தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். ருடால்ஃப் ஒட்டோ இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்து ஒரு நூலே எழுதினார். இன்னொரு பக்கம், எங்கள் ஆரணி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்ச் சமணர்களுக்குக் கவ்விச் செல்லத் தாயே கிடையாது. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் சேர்ந்தே வழி. வினையை மன்னிப்பவர் யாரும் இல்லை, தானே தேய்த்துத் தீர்க்க வேண்டும். ஆனால் இந்த உவமைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில், அல்லது ஜீவனுக்கும் வினைக்கும் நடுவில், மூன்றாவது ஆள் யாரும் இல்லை. பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

3

கிறிஸ்தவத்தில் அந்த மூன்றாவது ஆள் ஆரம்பத்திலேயே இருக்கிறார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் ஒரு சண்டையை விவரிக்கிறார். அந்தியோகியா நகரில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும் எழுந்துபோனார்கள். பவுல் எல்லோர் முன்னாலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். கண்டித்ததைச் சொல்லிக்கொண்டு வருகையில்தான், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் மனிதன் நீதிமானாகிறான் என்ற கருத்தை வைக்கிறார். அந்தக் கடிதத்தில் அது முதன்முதல் தலைகாட்டும் இடம் அதுதான். பின்னால் லுத்தரின் அறையில் தனிமனிதனின் மனசாட்சிப் பிரச்னையாக மாறிய கோட்பாடு, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒருவர் எழுந்துபோனதைக் கண்டித்துப் பேசிய பேச்சாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய நாளிலிருந்து லுத்தரன் சபைகளில் ஜாதி இருந்தது: தனித்தனி இருக்கை, நற்கருணையில் முன்பின். நூறு வருஷங்களுக்கு மேல் அது பொறுத்துக்கொள்ளப்பட்டது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஜாதியை உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சபையைவிட்டு விலகினார்கள். அதற்கு முன்பே, சரபோஜியின் அரசவையில் மதிக்கப்பட்ட வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனரிகளோடு இது குறித்துக் கடுமையாக மோதியிருந்தார். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு, ஜாதியை விட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து சாப்பிடுவதை ஒரு பரீட்சையாக வைத்தது. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்டால் தேர்ச்சி. உண்ணாவிட்டால் ஞானஸ்நானம் கிடையாது, வேலை கிடையாது.

இதை எதிர்த்தவர் சாதாரண ஆள் அல்ல. லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல். 1849இலிருந்து 1853 வரை இந்தியாவில் சுற்றியவர், தமிழை ஆழ்ந்து கற்றவர், 1856இல் குறளை ஜெர்மனில் தந்தவர். அவருடைய வாதம் லுத்தரன் ரீதியில் பழுதற்றது. ரட்சிப்பு விசுவாசத்தால் வருகிறது. சேர்ந்து சாப்பிடுவது ஒரு கிரியை. ஒரு கிரியையை ரட்சிப்பின் நிபந்தனையாக்கினால், தூக்கியெறிந்த நியாயப்பிரமாணத்தை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவருகிறோம். ஜாதி பெருமளவுக்கு சமூக ஏற்பாடு. சுவிசேஷம் உள்ளே வேலை செய்யச் செய்ய அது தானே உதிரும். வெளியிலிருந்து உதிர்க்கக் கூடாது. ஆங்கிலேய மிஷன்களைவிட்டு வந்த ஜாதிக் கிறிஸ்தவர்கள் பலருக்கு லைப்சிக் மிஷன் அடைக்கலமாயிற்று. அதே மிஷனில் இருந்த ஆக்ஸ் இதை ஏற்க முடியாமல் வெளியேறினார்.

கிரவுலின் வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது என்பதை மறுப்பது நேர்மையாகாது. பரீட்சையாக வைக்கப்பட்ட விருந்து விருந்தல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கவளம் விழுங்கிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தீட்டுக் கழித்தவனைப் பரீட்சை கண்டுபிடிக்காது. அன்பைச் சான்றிதழாக்கினால் போலிச் சான்றிதழும் வரத்தான் செய்யும். தமிழில் நியாயப்பிரமாணம் என்கிறோம், விசுவாசப்பிரமாணம் என்றும் சொல்கிறோம். இரண்டிலும் 'பிரமாணம்' என்ற ஒரே சொல். சட்டத்துக்கு மாற்றாக வந்த விசுவாசமும் சட்டமாக இறுகிவிடும் என்பதை மொழி அறிந்தே வைத்திருக்கிறதோ என்னவோ.

ஆனால் கிரவுல் ஒன்றைப் பார்க்கவில்லை. அந்தியோகியாவில் கிரியை எது? சேர்ந்து உண்டதா, எழுந்து விலகியதா? பவுலின் கணக்கில் விலகியதுதான் கிரியை. ஆசாரத்தைக் காப்பாற்ற, எருசலேம்காரர்கள் பார்வையில் சுத்தமாக இருக்க, பேதுரு செய்தது அது. தஞ்சாவூரில் தனி வரிசையில் உட்கார்ந்தவனும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் ஒரு கிரியையைப் பிசகாமல் செய்துகொண்டிருந்தான். அந்தக் கிரியை அவனுக்கு ஜாதியாரின் கண்ணில் நீதியை வாங்கித் தந்தது. 'விசுவாசமே போதும்' என்ற வாசகத்தை அவன் கையில் கொடுத்ததன் மூலம், அந்த வாசகம் எந்தச் செயலைக் கண்டிக்கப் பயன்பட்டதோ, அந்தச் செயலுக்கே அதைக் கேடயமாக்கினார்கள். செய்வதெல்லாம் கிரியை, செய்யாதிருப்பது கிரியை அல்ல என்ற அனுமானம்தான் இங்கே மோசம் செய்தது.

'தானே உதிரும்' என்ற வார்த்தையும் அப்படித்தான். உதிர எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்கும் உரிமை யாருடையது? பின்வரிசையில் உட்கார்ந்தவனுடையது. அந்த விவாதத்தில் அவனிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கத்தோலிக்கத்தில் நற்செயலுக்குக் கோட்பாட்டிலேயே இடம் உண்டு. அங்கேயாவது வேறு மாதிரி இருந்ததா? வடக்கன்குளத்தில் ஒரே கோயிலுக்கு இரண்டு பிரிவு கட்டி நடுவே சுவரும் வைத்தார்கள். அந்தச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. விழுப்புரம் பக்கம் எறையூரில் சம உரிமை கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் ஆதிக்க ஜாதிக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தது 2008இல். ஆகவே கோட்பாட்டை மாற்றினால் பந்தி மாறும் என்று நான் வாதிட வரவில்லை. எந்தக் கோட்பாட்டையும் பந்தி தனக்கேற்ப வளைத்துக்கொள்ளும் என்பதைத்தான் சொல்கிறேன்.

4

இன்னொரு உதாரணம், பழைய சென்னை ராஜதானியின் தெலுங்குப் பகுதியிலிருந்து. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது ஓங்கோலில் ஜான் கிளவ் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். பிச்சை போடுவதை விரும்பாமல், பக்கிங்ஹாம் கால்வாயில் மூன்று மைலுக்கு மேற்பட்ட ஒரு பகுதியைத் தோண்டும் காண்ட்ராக்டை அரசிடமிருந்து எடுத்தார். பட்டினியில் இருந்தவர்களுக்கு, பெரும்பாலும் மாதிகர்களுக்கு, கூலி கிடைத்தது. கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். அவர் மறுத்தார். சோற்றுக்காக வருகிறார்கள் என்ற சந்தேகம் தன் சபைமேல் விழக் கூடாது என்று நிவாரணம் முடியும்வரை ஞானஸ்நானத்தையே நிறுத்தி வைத்தார். பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில், குண்டலகம்மா நதியில், 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

வழக்கமாக இது கிளவின் நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும். நேர்மைதான். ஆனால் அவர் எதைப் பிரிக்கப் பார்த்தார் என்று யோசிக்க வேண்டும். விசுவாசத்தைச் சோற்றிலிருந்து பிரித்து, கலப்படமற்றதாக எடுக்கப் பார்த்தார். நதியில் இறங்கிய மாதிகன் அப்படிப் பிரித்திருப்பானா? ஊரே தொட மறுத்தபோது ஒருவன் வேலை கொடுத்தான், கூலி கொடுத்தான், மனுஷனாக நடத்தினான். அந்தக் கடவுளை நம்புவதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? லுத்தரின் கேள்வி செய்கிறவனின் கேள்வி: என் செயல் என்னைக் காப்பாற்றுமா? பஞ்சத்தில் நின்றவனின் கேள்வி பெறுகிறவனுடையது: இவன் செயலைக் கண்டு இவன் கடவுளை நம்பலாமா? முதலாமவனுக்கு விசுவாசத்திலிருந்து செயல் வருகிறது. இரண்டாமவனுக்கு இன்னொருவனின் செயலிலிருந்து விசுவாசம் வருகிறது. 'அரிசிக் கிறிஸ்தவன்' என்ற ஏளனம் இந்த இரண்டாவது பாதையை இழிவுபடுத்துவதற்கென்றே செய்யப்பட்ட சொல். வயிறு நிரம்பியவர்களுக்கு மட்டுமே கலப்படமற்ற விசுவாசம் சாத்தியம் என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நற்செயலை விசுவாசத்துக்குத் தூண்டிலாக வைப்பவனின் கதை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி ஆசியாவிலேயே பேர்போன கல்விச்சாலையாக வளர்ந்தது. போஸ்டனிலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் கணக்குப் பார்த்தார்: செலவு இவ்வளவு, மனம் மாறியவர்கள் எத்தனை? கணக்கு உதைத்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளில் ஒருவரானார், சைவராக வாழ்ந்தார், 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். மிஷனின் பேரேட்டில் அவர் நஷ்டம். நாம் இன்று கலித்தொகை படிக்கிறோம். செயலின் பலன் செய்தவனின் கணக்கில் ஏறாமல் வேறெங்கோ போய்ச் சேருவதைத்தான் நான் கிருபை என்று புரிந்துகொள்கிறேன். கொடுப்பவர்களுக்கே அது தெரிவதில்லை.

ஆரணியும் அன்று அதே அமெரிக்க போர்டின்கீழ் 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆற்காடு மிஷனின் ஆரம்ப கால நிலையங்களில் ஒன்று. பிரசங்கமே பிரதானம் என்று தொடங்கிய மிஷன் அது. அந்தக் குடும்பத்தின் பேத்தி ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரு சிறிய மருந்தகம் வைத்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. இன்று எங்கள் பக்கத்தில் 'வேலூருக்குக் கொண்டு போ' என்றால் அது ஆஸ்பத்திரிக்கு என்று பொருள். கொண்டுபோகிறவன் எதை விசுவசிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

5

ரோமர் நான்காம் அதிகாரத்தில் பவுல் கூலிக்கும் கொடைக்கும் வித்தியாசம் சொல்கிறார். வேலை செய்தவனுக்குக் கொடுப்பது கடன், கொடை அல்ல. ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக 'எண்ணப்பட்டது' என்ற இடத்தில் வரும் கிரேக்கச் சொல் கணக்கெழுதுவோர் சொல்: வரவில் வைத்தல். நாளெல்லாம் வரவு வைத்துப் பற்று எழுதும் எனக்கு இது உறைக்கிறது.

முள்ளிப்பட்டில் நான் குடியிருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. நெசவாளிக்குப் பாவும் பட்டும் முதலாளி கொடுப்பார். சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தொடக்கத்தில் ஒரு முன்பணம் உண்டு. அவரிடமே நெய்யும்வரை அதைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். வேறு முதலாளியிடம் போகவேண்டுமானால் அதை அடைக்க வேண்டும். கொடுத்த அன்று அது கொடைபோல் இருக்கும். பிறகுதான் அது கட்டு என்று தெரியும். விசுவாசத்தையும் நற்செயலையும் பாவும் ஊடையும் என்று சொல்லி முடித்துவிட ஆசை வருகிறது. அது பிரசங்கியார்களுக்கு. தறியில் உட்கார்ந்தவனைக் கேட்டால் பாவு ஊடையைப் பற்றிப் பேசமாட்டான், முன்பணத்தைப் பற்றிப் பேசுவான். கிருபை என்ற பெயரில் வருவது முன்பணமா, கொடையா? திருப்பிக் கேட்காதது மட்டும் போதாது. எழுந்து போகவும் விட வேண்டும். கிளவ் செய்தது அதுதான்: கால்வாய் வேலை முடிந்து, கூலி தீர்ந்து, எந்தக் கட்டும் இல்லாதபோது வா என்றார். தாமோதரம் பிள்ளையை மிஷன் அப்படி விட விரும்பவில்லை. அவர் போய்விட்டார்.

போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று ஒன்றைத் தாக்கினார். லுத்தரன் பாஸ்டர், லுத்தரை நன்றாக அறிந்தவர். ஹிட்லரின் ஜெர்மனியில் விசுவாசம் மட்டுமே என்று பாடிக்கொண்டு சும்மா இருந்த சபையைப் பார்த்து எழுதியது அது. 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் செய்ததும் லுத்தரின் 'மட்டுமே'யை மறுத்ததல்ல. கீழ்ப்படிகிறவனுக்கே அந்தச் சொல்லை உச்சரிக்க உரிமை என்றார். லுத்தர் அந்தச் சொல்லை முடிவாக வந்தடைந்தார், நாம் அதை ஆரம்ப மூலதனமாக எடுத்துக்கொள்கிறோம்.

நம் சிறுபத்திரிகை வட்டத்துக்கும் ஒரு 'விசுவாசம் மட்டுமே' இருக்கிறது. பிரக்ஞை சுத்தமாக இருந்தால் போதும், ரசனை பழுதற்றதாக இருந்தால் போதும், வெளியே நடப்பதற்கு நாம் பொறுப்பல்ல என்ற நிலை. அதற்கு எதிர்க்கட்சியாக, எத்தனை ஊர்வலம், எத்தனை கையெழுத்து என்று எண்ணி எழுத்தாளனுக்கு மார்க் போடும் அன்பின் விருந்துக்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். இருவருமே தங்கள் நீதியைக் கணக்குப் பார்க்கிறார்கள். ஜாதி பற்றிக் கூர்மையான கவிதை எழுதிவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் தன் ஜாதிப் பட்டத்தை அச்சடிக்கும் நண்பரிடம் கவிதையில் குறை காண முடியாது. அச்சடித்ததை அவர் ஒரு செயலாகவே நினைக்கவில்லை என்பதுதான் விஷயம். அது வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டது. தஞ்சாவூரின் தனி வரிசையும் அப்படித்தான் இருந்தது. யாரும் அதைச் செய்யவில்லை, அது இருந்தது.

என் முடிவு இது. விசுவாசம் முதலா, செயல் முதலா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. தன் நன்மையை எண்ணி எண்ணித் தன்னையே மெச்சிக்கொள்கிறவனிடம் பவுலை வாசித்துக் காட்ட வேண்டும். வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுகிறவனிடம் யாக்கோபை. நாம் எப்போதும் மாற்றித்தான் வாசிக்கிறோம், நமக்கு சௌகரியமானதை. எது யாருக்கு என்று தீர்மானிக்கும் தகுதி செய்கிறவனுக்கு இல்லை. அவன் கட்சிக்காரன். பந்தியில் கடைசியில் உட்கார வைக்கப்பட்டவனிடம், அல்லது எழுப்பி விடப்பட்டவனிடம், அதைக் கேட்க வேண்டும். அவன் வேதாந்தம் பேசமாட்டான். யார் எழுந்து போனார்கள் என்பது மட்டும் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.